காவல் துறை பிடித்த மாட்டை வழக்கு முடியும் முன்பே மீட்பது பற்றி

திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. வளர்ப்புக்கென்று சந்தையில் வாங்கிய இரண்டு கறவைப் பசுக்களையும் ஒரு கன்றையும் 'குட்டி யானை' எனப்படும் சிறு சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு இரவில் ஊர் திரும்பியபோது வாகனச் சோதனையில் நிறுத்தியிருக்கிறார்கள். நெருக்கியடித்து ஏற்றி வதைத்ததாக அவர்மீதும் ஓட்டுநர்மீதும் வழக்குப் பதிவு செய்து, மாடுகளைக் கோசாலைக்கு அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டு நாள் ஆகிறது. "கேஸ் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று நிலையத்தில் சொல்கிறார்களாம். அதுவரை காத்திருக்கத்தான் வேண்டுமா என்பது அவருடைய கேள்வி.

காத்திருக்க வேண்டியதில்லை, காத்திருக்கவும் கூடாது. நீங்கள் குற்றம் செய்தீர்களா என்பது ஒரு கேள்வி, அது விசாரணையில் முடிவாகும். அதுவரை மாட்டை யார் கட்டிப் பராமரிப்பது என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. அதற்குத் தனி மனு, தனி உத்தரவு உண்டு. முதல் கேள்விக்கு விடை வரும்வரை இரண்டாவதைக் கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, "நான் நிரபராதி" என்று பத்துப் பக்கம் எழுதி, மாட்டின் அடையாளத்தைப் பற்றி இரண்டு வரிகூட எழுதாத மனுக்கள்தாம் பெரும்பாலும் தள்ளுபடியாகின்றன.

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பழைய 451-ஆம் பிரிவு இப்போது 497. பழைய 457 இப்போது 503. கைப்பற்றிய பொருள் நீதிமன்றத்தின் முன் ஒப்படைக்கப்பட்டிருந்தால் 497, கைப்பற்றியதாகத் தகவல் மட்டும் வந்திருந்தால் 503 என்பது வேறுபாடு. இரண்டையும் மனுவின் தலைப்பில் குறிப்பிட்டுவிடுவதே எங்கள் பக்கத்து வழக்கம். புதிய 497-இல் ஒரு நல்ல மாற்றம் உண்டு: பொருள் முன்னிலைப்படுத்தப்பட்ட 14 நாளுக்குள் நீதிமன்றம் அதன் விவரப் பட்டியலைத் தயாரித்து, புகைப்படமும் தேவையானால் காணொளியும் எடுக்க வேண்டும், அதன்பின் 30 நாளுக்குள் அதை என்ன செய்வதென்று உத்தரவிட வேண்டும். அந்தப் படமும் பட்டியலுமே விசாரணையில் சாட்சியமாகிவிடும். ஆகவே, "மாடு சாட்சியப் பொருள், விடமுடியாது" என்று இனி யாரும் சொன்னால், படம் எடுத்துவிட்டு விடலாமே என்று சட்டமே பதில் சொல்கிறது.

இதற்கு முன்பே, 2002-இல், சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், கைப்பற்றிய பொருள்களைக் காவல் நிலையத்தில் தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, எப்படியும் பதினைந்து நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. அது உயிரில்லாத பொருள்களை மனத்தில் வைத்துச் சொன்னது. வாகனம் மழையில் நின்றால் துருப்பிடிக்கும். கறவை மாட்டைக் காலையும் மாலையும் கறக்காமல் விட்டால் மடி வீங்கி, அந்த ஈற்றோடு பாலே வற்றிப்போகக்கூடும். இந்த ஒரு வரியை மனுவில் எழுதுங்கள். கிராமப் பின்னணியுள்ள நடுவர் (மாஜிஸ்திரேட்) ஒருவர் இருந்துவிட்டால் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

நீதிமன்றத்துக்குப் போகாமலே தீரக்கூடிய வழியும் ஒன்று சட்டத்தில் இருக்கிறது. நிலையத்தில் அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அதே புதிய நடைமுறைச் சட்டத்தின் 106-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவின்படி, கைப்பற்றிய பொருளை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது கடினம் என்றாலோ, வைத்துக்கொள்ள இடமில்லை என்றாலோ, கேட்கும்போது கொண்டுவந்து நிறுத்துவதாகப் பிணைமுறி எழுதி வாங்கிக்கொண்டு எவரிடமும் அதை ஒப்படைக்கக் காவல் அதிகாரிக்கே அதிகாரம் உண்டு. முதல் நாளிலேயே இதைக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடும். உங்கள் வழக்கில் மாடு கோசாலைக்குப் போய்விட்டதால் அந்தக் கதவு ஏறக்குறைய சாத்தப்பட்டுவிட்டது. இனி நடுவர் நீதிமன்றம்தான்.

இங்கேதான் வதைத்தடுப்பு வழக்குக்கும் மற்ற வழக்குகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத்தடுப்புச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு, மாட்டைச் சிகிச்சைக்கும் பராமரிப்புக்கும் காப்பகத்துக்கு அனுப்ப நடுவருக்கு அதிகாரம் தருகிறது. செலவு உரிமையாளர் தலையில். அதோடு 2017-இல் வந்த வழக்குச் சொத்துப் பிராணிகள் பராமரிப்பு விதிகள் இன்னும் கடுமையானவை. மாட்டைக் காப்பகத்திடம் ஒப்படைக்கும்போது, போக்குவரத்துக்கும் தீவனத்துக்கும் மருத்துவத்துக்கும் ஆகக்கூடிய தொகையை நடுவர் நிர்ணயித்து, அதற்கு ஜாமீன்தாரர்களோடு மூன்று நாளுக்குள் பிணைமுறி எழுதிக் கொடுக்கும்படி உத்தரவிட வேண்டும். கொடுக்காவிட்டால் மாட்டின் உரிமையே காப்பகத்துக்குப் போய்விடும் என்கின்றன அந்த விதிகள். எனவே நீங்கள் நாளைக் காலையில் செய்ய வேண்டிய முதல் வேலை, மாட்டைக் கோசாலைக்கு அனுப்பியது காவல் துறை தானாகச் செய்ததா, நீதிமன்ற உத்தரவின்பேரில் நடந்ததா என்று பார்ப்பது. உத்தரவு இருந்தால் அதன் சான்றிட்ட நகலுக்கு அன்றே விண்ணப்பியுங்கள். அதில் பிணைமுறிக்கான கெடு எழுதப்பட்டிருந்து, உங்களுக்குத் தெரியாமலே அது கடந்துபோயிருந்தால், அறிவிப்பு வரவில்லை என்பதையே முதல் காரணமாக வைத்து மனுப் போட வேண்டியிருக்கும்.

இந்த விதிகளைக் கேள்விப்பட்டதும் மனம் தளர வேண்டாம். இந்த விதிகளின் தாய்ச்சட்டமான வதைத்தடுப்புச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, தண்டனை பெற்ற ஒருவரிடமிருந்துகூட, முன்பே தண்டிக்கப்பட்டவர் என்பதாலோ அவருடைய நடத்தையாலோ மாடு மறுபடியும் வதைபடும் என்று காட்டினால்தான் உரிமையைப் பறிக்க இடம் தருகிறது. தண்டனையே இல்லாத கட்டத்தில் விதி எப்படிப் பறிக்கும் என்ற கேள்வி நியாயமானது. 2021 ஜனவரியில், எருமை வணிகர் நலச் சங்கம் இந்த விதிகளை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்ற அமர்வு, இந்த மாடுகள் மக்களின் பிழைப்பு என்றும், தீர்ப்புக்கு முன் எப்படி எடுத்துக்கொள்வீர்கள் என்றும் மத்திய அரசைக் கேட்டது. அது விசாரணையின்போது வாய்மொழியாக எழுந்த கேள்வி, விதியை நீக்கிய தீர்ப்பன்று. அதை அதன் அளவிலேயே எடுத்துக் காட்ட வேண்டும்.

நடுவர்கள் பெரிதும் பார்ப்பது 1998-இல் குஜராத்தின் தியோதர் பாஞ்சராபோல் (கால்நடைக் காப்பகம்) வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல்களை. உரிமையாளர் என்பதாலேயே இடைக்காலத்தில் மாட்டைத் தந்தாக வேண்டும் என்பதில்லை; குற்றத்தின் தன்மை என்ன, முதல் வழக்கா, ஏற்கெனவே தண்டனை உண்டா, பிடித்தபோது மாடு எந்த நிலையில் இருந்தது, திரும்பக் கொடுத்தால் மறுபடியும் வதைபடுமா என்று பார்க்க வேண்டும்; முதல் வழக்கைச் சந்திக்கும் உரிமையாளருக்கு மாட்டைக் கேட்கக் கூடுதல் தகுதி உண்டு. உங்கள் மனுவின் பத்திகள் இந்த வரிசையிலேயே அமையட்டும். முன்வழக்கு இல்லை என்பதைப் பிரமாண வாக்குமூலத்தில் தெளிவாகச் சொல்லுங்கள். கைப்பற்றிய அன்று கால்நடை மருத்துவர் கொடுத்த சான்றில் காயம் ஏதும் இல்லை என்றிருந்தால், அந்த ஒரு தாள் உங்கள் வழக்கறிஞரின் ஒரு மணி நேர வாதத்துக்குச் சமம். வீட்டில் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி, வைக்கோல் போர் இருப்பதைப் படம் எடுத்து இணையுங்கள்; சிட்டா நகலையும் சேர்த்தால் நீங்கள் விவசாயி, கறிக்கு விற்கிறவர் அல்லர் என்பது தானே தெரியும்.

ஏற்றிவந்த முறையில் தவறே இல்லை என்று மட்டும் வாதாடாதீர்கள். மோட்டார் வாகன விதி 125-இ பசு, எருமை ஒன்றுக்கு 2 சதுர மீட்டர் இடம் வேண்டும் என்கிறது. குட்டி யானையின் பின்தளம் ஏழடி நீளம், ஐந்தடி அகலம் என்று வைத்துக்கொண்டால் மூன்றேகால் சதுர மீட்டர்தான் வரும். கணக்குப்படி அதில் ஒரு மாடுதான் போகலாம். லாரியிலே கூட ஆறுக்கு மேல் கூடாது, பயணத்துக்குத் தகுதியுள்ளது என்ற மருத்துவர் சான்று வேண்டும் என்பது 1978-ஆம் ஆண்டின் விதி. இவற்றை டெல்டாவில் எத்தனை பேர் பின்பற்றுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் தெரியாமல் நேர்ந்த நெருக்கடி என்றும், இனி விதிப்படியே ஏற்றிச் செல்வேன் என்றும் உறுதி எழுதிக் கொடுக்கிறவருக்கு நீதிமன்றம் இரங்குகிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அந்த வாசகம் ஆகிவிடாமல் எழுதுவது வழக்கறிஞரின் வேலை.

இன்னொன்றையும் மனுவில் கணக்காகவே எழுதலாம். வதைத்தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் முதல் முறைக் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. எப்போதோ எழுதிய தொகை அப்படியே நிற்கிறது. கோசாலை ஒரு உருப்படிக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் கேட்பதாக வைத்துக்கொண்டாலும், மூன்று உருப்படிக்கு 90 நாளில் 54,000 ரூபாய் ஆகிவிடும். ஐம்பது ரூபாய் அபராதத்துக்குரிய குற்றச்சாட்டுக்காக ஒரு குடும்பம் மாட்டின் விலையையே தீவனச் செலவாகக் கட்டுவது பொருந்துமா என்று கேட்டால், அரசுத் தரப்பில் பெரும்பாலும் பதில் வராது. 35-ஆம் பிரிவே, உரிமையாளரின் வறுமையைக் கருதி மருத்துவக் கட்டணத்தை நீக்க நடுவருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. பராமரிப்புச் செலவுக்கு மாவட்ட ஆட்சியர் நிர்ணயிக்கும் விகிதமே அளவு. கோசாலை கேட்கும் தொகையை அந்த விகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் கட்டிவிடாதீர்கள்.

இனி அடையாளம். என் அனுபவத்தில் மனு ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான். பறிமுதல் மகஜரில் (கைப்பற்றியபோது காவல் துறை எழுதும் பட்டியல்) "வெள்ளை நிறப் பசு ஒன்று, சுமார் 5 வயது" என்று எழுதியிருக்கும்; அப்படிப்பட்ட பசு தாலுகாவில் ஆயிரம் இருக்கும். மாட்டின் காதில் தடுப்பூசியின்போது போட்ட மஞ்சள் வில்லையில் உள்ள 12 இலக்க எண்தான் மிகச் சிறந்த சான்று. கால்நடை மருந்தகத்தில் அந்த எண்ணைச் சொன்னால் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வார்கள். நீங்கள் புதிதாக வாங்கியவர் என்பதால் பதிவு விற்றவர் பெயரில் இருக்கும்; அவரிடம் விற்றதாக ஒரு பிரமாண வாக்குமூலம் வாங்கி இணைத்துவிடுங்கள். சந்தைச் சுங்கச் சீட்டு, சினை ஊசி அட்டை, பால் சங்கத்துப் பாஸ்புத்தகம், காப்பீட்டுச் சீட்டு ஆகியவற்றில் எது கிடைத்தாலும் சேருங்கள். துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசி முடிக்கிற வியாபாரத்துக்குச் சீட்டு எங்கே போவது என்று கேட்பீர்கள். தரகரையே வாக்குமூலம் கொடுக்கச் சொல்லலாம், கொடுக்கத் தயங்குவார், வற்புறுத்துங்கள்.

கன்று விஷயத்தில் நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. உம்பளச்சேரிக் கன்று பிறக்கும்போது செந்நிறமாகவோ பழுப்பாகவோ இருக்கும். ஆறு மாதம் ஆகும்போது சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். நான் நடத்திய ஒரு மனுவில் மகஜரிலே "செவலைக் காளைக் கன்று, சுமார் 4 மாதம்" என்று இருந்தது. வாய்தா வாய்தாவாகத் தள்ளி உத்தரவு வந்தபோது ஐந்து மாதம் ஓடிவிட்டது. நீதிமன்ற வளாகத்து வேப்பமரத்தடியில் கோசாலைக்காரர்கள் கொண்டுவந்து கட்டியது சாம்பல் நிறக் கன்று. அரசு உதவி வழக்கறிஞர் இது அந்தக் கன்றே அல்ல என்றார். எதிர்த்துச் சொல்ல எங்களிடமும் தாள் இல்லை. கடைசியில் கால்நடை உதவி மருத்துவரை வரவழைத்து, இந்த இனத்தின் இயல்பே இது என்று சொல்ல வைத்து, நெற்றியில் வெள்ளைப் பொட்டு, காலுறை போட்டாற்போல் நான்கு காலிலும் வெண்மை, வால்நுனியில் வெள்ளை மயிர் ஆகியவை முதல் நாள் எடுத்த செல்போன் படத்தோடு ஒத்துப்போவதைக் காட்டி மீட்டோம். அந்த செல்போன் படம் உரிமையாளரின் மகள் விளையாட்டாக எடுத்தது. உங்கள் கன்று அந்த இனமானால், நிறத்தை மட்டும் எழுதாமல் மாறாத அடையாளங்களை மனுவின் அட்டவணையில் இப்போதே எழுதிவையுங்கள்.

மனு நடக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் தகவல் அறிக்கை நகல், மகஜர் நகல், உரிமைச் சான்றுகள், பிரமாண வாக்குமூலம் ஆகியவற்றோடு, குற்ற எண்ணைக் குறிப்பிட்டு, அந்தக் காவல் நிலைய எல்லைக்குரிய நடுவர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அரசுத் தரப்புக்கு அறிவிப்புப் போகும்; ஆய்வாளரின் பதிலுரைக்காக வாய்தா விழும். கோசாலை தன்னையும் தரப்பாகச் சேர்க்கக் கேட்கலாம். வாகனத்துக்கு அதன் உரிமையாளர் தனி மனுப் போட வேண்டும். இரண்டையும் ஒரே மனுவில் கோத்தால் வாகனத்தின் சிக்கல் மாட்டையும் பிடித்துக்கொள்ளும்.

கேட்டவரின் வழக்குக்கு நேரடித் தொடர்பில்லை என்றாலும், கொள்ளிடம், வெண்ணாறு கரையோரத்தில் இருப்பவர்களுக்காக மணல் வண்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அனுமதியில்லாமல் மணல் ஏற்றியதாகப் பிடிக்கப்படும் மாட்டு வண்டிகளில் திருட்டுக் குற்றத்தோடு 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்தின் 21-ஆம் பிரிவும் சேர்க்கப்படும். அப்பிரிவின்படி வாகனத்தையும் கருவிகளையும் பறிமுதல் செய்து அரசுடைமையாக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருப்பதால், மனு நடுவரிடம் போக வேண்டுமா, அச்சட்டத்துக்கான தனி நீதிமன்றத்துக்குப் போக வேண்டுமா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பல நிலையங்களில் வண்டியை மட்டும் நிறுத்திக்கொண்டு, எழுதி வாங்கிக்கொண்டு மாடுகளை விட்டுவிடுகிறார்கள். தீவனம் போட அவர்களுக்கும் வழியில்லை. அப்படி விடவில்லை என்றால் வண்டியையும் மாட்டையும் சேர்த்துக் கேட்காமல் மாட்டை மட்டும் தனியே கேளுங்கள். வண்டி அரசுடைமையாகுமா என்ற வழக்கு எத்தனை மாதம் நடந்தாலும், மாடுகள் உங்கள் கொட்டிலில் நிற்கும்.

திருட்டுப்போய்ப் பிடிபட்ட ஆடு மாடுகளுக்கு இவ்வளவு பாடில்லை. புகார்தாரரே உரிமையாளர் என்பதால், இன்னொருவர் உரிமை கோராதவரை, விரைவில் கிடைத்துவிடும். பயிரில் மேய்ந்ததாகப் பிடித்துப் பவுண்டில் (கால்நடைப் பட்டியில்) அடைப்பது வேறு. அது 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டத்தின்படி கட்டணம் கட்டி மீட்கிற விஷயம். அநியாயமாகப் பிடித்தார்கள் என்றால் பத்து நாளுக்குள் நடுவரிடம் புகார் செய்யலாம். அறுவடைக்குப் பின் கிடை போட வரும் மேய்ச்சல்காரர்களான கீதாரிகள் இந்தப் பத்து நாளைத் தவறவிட்டுவிட்டு அடுத்த ஊருக்கு நகர்ந்துவிடுகிறார்கள்.

நடுவர் உங்கள் மனுவைத் தள்ளுபடி செய்தால், 90 நாளுக்குள் மாவட்ட அமர்வு நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ சீராய்வு மனுப் போடலாம். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டத்தார் சென்னைக்குப் போக வேண்டும். தஞ்சாவூர் மாவட்டத்தாருக்கு மதுரைக் கிளை. நீடாமங்கலத்துக்காரர் சென்னைக்கும் பக்கத்துப் பாபநாசத்துக்காரர் மதுரைக்கும் போவது விந்தையாகத்தான் இருக்கும். மாடு விஷயத்தில் 90 நாள் என்பதை நம்பி இருக்காமல், உத்தரவு வந்த வாரத்திலேயே அமர்வு நீதிமன்றத்துக்குப் போய்விடுவது நல்லது.

மனு அனுமதிக்கப்பட்டால் நிபந்தனைகள் இருக்கும்: மாட்டின் மதிப்புக்குப் பிணைமுறி, இரண்டு ஜாமீன்தாரர், விற்கவோ வேறு இடத்துக்கு மாற்றவோ கூடாது, கேட்கும்போது கொண்டுவந்து காட்ட வேண்டும். உத்தரவு நகலோடு கோசாலைக்குப் போகும்போது கயிறும் கால்நடை மருத்துவரும் கூடவே வரட்டும். உருப்படிகளை எண்ணி, வில்லை எண்ணை ஒவ்வொன்றாக வாசித்துச் சரிபார்த்து, மாட்டின் நிலையைப் படம் எடுத்து, கொடுத்ததற்கும் வாங்கியதற்கும் எழுத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருந்த நாளில் பசு கன்று ஈன்றிருந்தால் அந்தக் கன்றும் உங்களுடையதே. அதையும் அந்த எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். விதிப்படி இடமுள்ள வாகனத்தில், மருத்துவர் சான்றோடு ஏற்றிவாருங்கள். மீட்டுவரும் வழியிலேயே இரண்டாம் முறை பிடிபட்டவரையும் பார்த்திருக்கிறேன். வழக்கு நிலுவையில் இருக்கும்போது மாடு இறந்துபோனால் புதைப்பதற்கு முன் மருத்துவரை அழைத்து உடற்கூறு சான்று வாங்கி, வில்லையை அறுத்துப் பத்திரப்படுத்தி, அடுத்த வாய்தா வரை வைத்திருக்காமல் நீதிமன்றத்தில் மெமோ தாக்கல் செய்துவிடுங்கள்.